நீல அட்டை நோட்டின் ஏழாவது பக்கம்

அன்புச் சுண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரு நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டுவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். நீ எப்படி இருக்கிறாய் என்பதை இப்போதெல்லாம் உன் பெயருக்குப் பக்கத்தில் எரிகிற பச்சைப் புள்ளியை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். காலையில் எழுந்ததும் ஃபோனை எடுத்துப் பார்ப்பேன், புள்ளி இருந்தால் பல் தேய்க்கப் போவேன், இல்லாவிட்டால் வரும்வரை கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பேன். இன்றோடு பத்தொன்பது நாள். கடைசியாக உன்னிடமிருந்து வந்தது ஒரே வரி, அம்மா தயவுசெஞ்சு இனிமே அங்க எதுவும் எழுதாதே என்று. எழுதவில்லை சுண்டு. அந்த ரசிகர்கள் குழுவை ஃபோனிலிருந்தே எடுத்துவிட்டேன். உனக்குக் காகிதத்தில் எழுதக்கூடாது என்று நீ சொல்லவில்லையே என்று நானாக ஒரு நியாயம் கண்டுபிடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். கோபமாக இருந்தால் கிழித்துப் போடு, படித்துவிட்டுக் கிழி.

முதலில் வீட்டுச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன், பெரிய விஷயத்துக்கு நேராகப் போக எனக்குத் தைரியம் இல்லை. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிற உன் அப்பாவுக்கு வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போட நேரம் இல்லை, கேட்டால் நாளைக்கு என்கிறார், அந்த நாளை போன மாதத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. மாடி வீட்டில் புதிதாகக் குடிவந்தவர்கள் நாற்காலியைத் தூக்கி வைக்கத் தெரியாதவர்கள், இழுத்து இழுத்துத்தான் போடுகிறார்கள். எனக்கு அதே இடுப்பு வலி. இருபத்தாறு வருஷமாக அந்த லெட் ஏப்ரனை, கதிர் படாமல் இருக்க ஈயத்தை உள்ளே வைத்துத் தைத்த அந்த மூட்டையை, தோளில் மாட்டிக்கொண்டு எக்ஸ்ரே அறையில் நிற்கிறவளுக்கு இடுப்பு வலிக்காமல் வேறு என்ன செய்யும். எலும்பு டாக்டரிடம் காட்டினேன். என் படத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்துவிட்டு, நீங்களே எடுத்துக்கிட்டதா, ரொம்ப சுத்தமா வந்திருக்கே என்கிறார். வலிக்கு மருந்து கேட்டால் படத்துக்குப் பாராட்டு.

சரி, எத்தனை நேரம் சுற்றி வளைப்பது. உன் கார்ட்டூன் தொடரின் இரண்டாம் பாகத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள், உங்கள் ஸ்டூடியோவின் பக்கத்திலிருந்து உன் பெயரையும் எடுத்துவிட்டார்கள். இரண்டுக்கும் காரணம் நான். ஊர் வாயோ குழுவில் எழுதுகிறவர்களோ இல்லை, நான்தான். எப்படி நடந்தது என்பதை நீ துண்டு துண்டாகத்தான் கேள்விப்பட்டிருப்பாய். முழுசாகச் சொல்லிவிடுகிறேன், சொன்னால் பாரம் குறையும் என்று இல்லை, உனக்குத் தெரியாமல் என்னிடம் எதுவும் இருக்கக்கூடாது என்றுதான்.

நீ எழுதி நீ வரைந்த தொடர் வந்த அந்தப் பன்னிரண்டு வாரமும் நாங்கள் எப்படி இருந்தோம் தெரியுமா. அப்பா சீக்கிரமே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டு டிவி முன்னால் உட்காருவார், யாரோ பெண் பார்க்க வருகிற மாதிரி. லிஃப்ட் ரிப்பேர் பண்ணுகிற ஒரு பெண், வாரம் ஒரு தடவை அவளுடைய லிஃப்ட் கட்டடத்திலேயே இல்லாத ஒரு மாடியில் போய் நிற்கிறது, கதவு திறந்தால் காடு, இல்லாவிட்டால் பனி, இல்லாவிட்டால் மீன்கள் நடக்கிற தெரு. அங்கே உடைந்துகிடக்கிற எதையாவது சரிசெய்துவிட்டுச் சாயங்கால டீக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறாள். அப்பா முதல் நாளே, கதவு திறந்திருந்தா லிஃப்ட் நகராதே, லாக் விழுந்துடுமே, இவளுக்கு எத்தனை தடவ சொல்லியிருக்கேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

ஆஸ்பத்திரி கேன்டீனில் நம் ஆம்புலன்ஸ் டிரைவரைத் தெரியுமில்லையா, வழுக்கைத் தலை, இரண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியவர், அவர் அனிமே என்கிற உங்கள் ஊர்க் கார்ட்டூன் தொடர்களுக்குப் பைத்தியம் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அழைப்பு வராத நேரமெல்லாம் வண்டியில் உட்கார்ந்து அதுதான் பார்ப்பாராம். அவருக்கு ராட்சச ரோபோ வேண்டும், ரோபோ இல்லாத அனிமே உப்பில்லாத சாப்பாடு என்பார். எதிரே ரத்தம் எடுக்கிற லேப்காரி. அவளுக்குப் பள்ளிக்கூடக் காதல்தான் வேண்டும், அதுவும் பத்தாவது வாரம்வரை கையைக்கூடத் தொடக்கூடாது. இரண்டு பேரும் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் சண்டை போடுவார்கள். உன் தொடர் வந்ததும் புதுச் சண்டை. இது இசெக்காயா இல்லையா என்று. நான் முதலில் ஏதோ காய்கறி என்று நினைத்தேன். வேறு உலகத்துக்குப் போகிற கதைக்கு அப்படிப் பெயராம். டிரைவர், அவ வேற உலகத்துக்குப் போறா, அப்போ இசெக்காய்தான் என்றார். லேப்காரி, போனவ திரும்பி வந்து டீ குடிக்கிறாளே, நிஜ இசெக்காய்னா கதாநாயகன் லாரில அடிபட்டுச் சாகணும், அப்புறம்தான் போகணும், இது மனசை ஆத்துற வகை என்றாள். விபத்தில் அடிபட்டவர்களைத் தினமும் வண்டியில் ஏற்றுகிறவருக்கு லாரி என்றதும் கோபம் வந்துவிட்டது. நான் நடுவில் புகுந்து, இது என் மகளோடது என்றேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. இருபத்தாறு வருஷத்தில் அந்தக் கேன்டீனில் எனக்கு யாரும் எழுந்து நாற்காலி போட்டதில்லை.

அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது. டிரைவர்தான் ரசிகர்கள் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார், நம் மொழியில் பேசுகிற பதினோராயிரம் பேர், அத்தனை பேரும் சாப்பாடு தூக்கம் இல்லாமல் வாதாடுகிறவர்கள். நான் சும்மா படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு தொடர் எந்த வகை என்று தீர்ப்புச் சொல்லாமல் இவர்களால் அதை ரசிக்க முடியாதா என்று ஆச்சரியமாக இருந்தது. ஒருத்தர் சண்டைக்காட்சி வந்தால்தான் பார்ப்பாராம். ஒருத்தர் கதை முடிந்த பிறகுதான் ஆரம்பிப்பாராம், பாதியில் நின்றால் மனசு தாங்காதாம். இன்னொருத்தர் ஆயிரத்து இருநூறு தொடர் பார்த்திருக்கிறார், ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று பட்டியல் வைத்திருக்கிறார், உனக்கு எட்டு. எட்டா என்று நான் ஒரு நாள் முழுக்கப் பொருமினேன். இதெல்லாம் சிரிப்புத்தான். சிரிப்பு நின்றது பழைய ரசிகன் என்ற பெயரில் எழுதுகிற ஒருத்தர் வந்தபோது. இருபத்தைந்து வருஷத்துக்கு முந்தைய தொடர் ஒன்று, ஒரு படகுக்காரிப் பெண், ஒவ்வொரு வாரமும் வேறு தீவு, சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுவாள், உன் கதை அதை அப்படியே எடுத்துப் படகுக்குப் பதில் லிஃப்ட் வைத்தது என்று அவர் எழுதினார். கெட்ட வார்த்தை எதுவும் இல்லை, மரியாதையாகத்தான் எழுதினார், அதனால் இன்னும் வயிறு எரிந்தது. உன் ஸ்பேனர்க்காரி முழங்கால்வரை தொங்குகிற ஒரு கனமான சாம்பல் அங்கி போட்டிருக்கிறாளே, அது அந்தப் படகுக்காரியின் மழைக்கோட்டாம். லிஃப்டுக்குள்ள மழை பெய்யுமா, எதுக்கு அந்த அங்கி, யாராவது சொல்லுங்க என்று கேட்டிருந்தார். யாராலும் சொல்ல முடியவில்லை. எனக்கும் தெரியவில்லை. அது ஏன் அப்படிக் கனமாக இருக்கிறது, அவள் ஏன் அடிக்கடி தோளைத் தூக்கித் தூக்கிவிடுகிறாள் என்று நானே உன்னிடம் கேட்க நினைத்து மறந்திருந்தேன்.

ஆனால் கதை எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியுமே. உனக்கு ஒன்பது வயது, அப்பா ஒரு விடுமுறை நாளில் உன்னை வேலைக்குக் கூட்டிப்போனார், இரண்டு மாடிக்கு நடுவில் நாற்பது நிமிஷம் மாட்டிக்கொண்டீர்கள், நீ அழாமல் கதவு திறந்தால் என்ன மாடி வரும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே இருந்தாயாம். இதைத்தான் எழுதினேன். நான் அவளோட அம்மா என்று ஆரம்பித்து எழுதினேன். பாதிப் பேர் சிரித்தார்கள், அம்மான்னா அப்படித்தான் சொல்வாங்க என்று. பழைய ரசிகன் மட்டும் மரியாதையாக, ஆதாரம் இருந்தால் நான் மன்னிப்புக் கேட்கிறேன் அம்மா என்றார். ஆதாரமா, இதோ என்று பரணில் ஏறினேன், இந்த இடுப்போடு. உன் பழைய பள்ளிக்கூடப் பெட்டியில் அந்த நீல அட்டை நோட்டு இருந்தது. ஏழாவது பக்கத்தில் லிஃப்டின் திறந்த கதவு, பின்னால் காடு, முன்னால் ஒரு பெண் கையில் ஸ்பேனரோடு. கீழே உன் கோணல் எழுத்தில் தேதி, பதினொரு வயது. ஏணியிலிருந்து இறங்கக்கூட இல்லை, அங்கேயே நின்று ஃபோட்டோ எடுத்துப் போட்டேன்.

ஒரு நாள் நான் ராணி. ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள். டிரைவர் கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். மறுநாள் மத்தியானம் பழைய ரசிகன் ஒரு படம் போட்டார். உன் நோட்டுப் பக்கமும் அந்தப் படகுக்காரியின் பழைய போஸ்டரும், ஒன்றின்மேல் ஒன்று. தலைமுடி, கன்னம், தோள், தூக்கிய கை, ஒரு கோடு விலகவில்லை. துடுப்பு இருந்த இடத்தில் ஸ்பேனர், அவ்வளவுதான். அவர் ஒன்றுதான் எழுதியிருந்தார், பதினொரு வயதிலேயே உங்கள் மகளிடம் அந்தப் படகுக்காரித் தொடர் இருந்திருக்கிறது என்று. அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நம் மொழியிலிருந்து பாஷை பாஷையாக மாறி மூன்றே நாளில் அது உங்கள் ஊருக்கே வந்து சேர்ந்துவிட்டது.

பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது சுண்டு. மற்றவர்களுக்கு அது ஆதாரம், எனக்கு ஞாபகம். பள்ளிக்கூடம் விட்டு நீ ஆஸ்பத்திரிக்கு வந்து என் ஷிஃப்ட் முடிகிறவரை உட்கார்ந்திருப்பாய், போர் அடிக்குதும்மா என்று பிடுங்கி எடுப்பாய். நான்தான் எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டியைப் போட்டுவிட்டு, இதுமேல படத்தை வெச்சு அதுமேல பேப்பரை வெச்சு வரைஞ்சுக்கோ, அம்மாவைத் தொந்தரவு பண்ணாதே என்றேன். அந்த போஸ்டர்கூட சிடி கடைக்காரர் சும்மா கொடுத்தது. படியெடுக்கச் சொல்லிக்கொடுத்ததும் நான், படியெடுத்ததை ஊருக்குக் காட்டியதும் நான். நாள் முழுக்க வெளிச்சத்தில் வைத்து அடுத்தவர் எலும்பில் மயிரிழை விரிசல் கண்டுபிடிக்கிறவளுக்கு, சொந்த மகளின் நோட்டில் ஒரே சீராக ஓடிய கோடு கண்ணில் படவில்லை.

உடனே அழித்தேன். அழித்து என்ன செய்ய, எல்லோரும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். அழித்ததே தப்பு என்றார்கள். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று எடுத்தபோதுதான் உன் வரி வந்தது. அதற்கப்புறம் குழுவில் என்ன நடக்கிறது என்று டிரைவர் அவ்வப்போது வந்து சொன்னார். இப்போது உன்னை விட்டுவிட்டுச் சொந்தக் கற்பனை என்றால் என்ன என்று சண்டையாம். எல்லாக் கதையும் எதிலிருந்தோ வந்ததுதான் என்று ஒரு கட்சி, அப்படிச் சொல்லித்தான் எல்லாரும் திருடுறாங்க என்று இன்னொரு கட்சி, அந்தப் படகுக்காரியே அதற்கும் முந்தைய ஒரு கதையின் நகல் என்று மூன்றாவது கட்சி. லேப்காரி உனக்காக நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர்களுக்கு அடுத்த வாரம் வேறு தொடர் வந்துவிடும், வேறு சண்டை கிடைத்துவிடும். உனக்கு அடுத்த வாரம் என்ன இருக்கிறது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அந்த அறை வாடகை, அந்த மேஜை, விடிய விடிய நீ வரைந்த பத்து வருஷம். நான் இங்கே அடுப்பின் முன் நின்றுகொண்டு ஒன்றும் செய்ய முடியாமல் இருக்கிறேன். உன் ஸ்டூடியோவுக்கு எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். என் மேல் ஒரு வார்த்தை கோபமாகப் பேசாதவர், முதல் தடவையாக, போதும்மா, நீ எதையும் தொடாதே என்றார். கத்தவில்லை. அதன்பிறகு ரொம்ப நேரம் கை கழுவினார்.

இப்போது நான் எதற்காக இதை எழுதினேனோ அதற்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஆள் வருவதற்கு முன், நோட்டை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனேன். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில்தான் பார்க்கிறோம், அந்த விளக்குப் பெட்டி சுவரில் சும்மா மாட்டியிருக்கிறது, பழைய படம் எடுத்துவருகிறவர்களுக்காக. போட்டேன், ஒரு குழல் விளக்கு சிமிட்டிவிட்டுத்தான் எரிந்தது. ஏழாவது பக்கத்தை அதன்மேல் வைத்தேன். எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். வெளிச்சம் உள்ளே போனதும் மேலே இருந்த படகுக்காரி வெளிறிப்போனாள். அடியில் காகிதம் தேய்ந்து மெலிந்திருந்தது, அழித்து அழித்து அழித்து. பென்சில் போய்விட்டது, அழுத்திய தடம் போகவில்லை. முதலில் அங்கே வேறொரு ஆள் இருந்தாள் சுண்டு. குட்டையாக, கழுத்து இல்லாமல், ஒரு கை நீளம் ஒரு கை குட்டை. கொண்டை. கழுத்திலிருந்து முழங்கால்வரை ஒரு பெட்டி மாதிரி அங்கி, தோளில் இரண்டு பட்டை, பக்கத்தில் கட்டுகிற முடிச்சுக்கூட. முடிச்சு இடது பக்கம். நான் ஏப்ரனை எப்போதும் இடது பக்கம்தான் கட்டுவேன், மற்ற எல்லோரும் வலது பக்கம்.

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே ஆட்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். அதை ஏன் அழித்தாய் என்று யோசிக்கிறேன். கை சரியாக வரவில்லை என்றா. இல்லை, நான் எட்டிப் பார்த்து ஏதாவது சொன்னேனா, இது யாரு பூதமா என்று சிரித்தேனா. ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பேன் என்றுதான் பயமாக இருக்கிறது, வேலை மும்முரத்தில் நான் அப்படித்தான் ஏதாவது சொல்லுவேன், நீயும் அதைச் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வாய்.

இதை ஃபோட்டோ எடுத்துப் போட்டால் அந்த அங்கி எங்கிருந்து வந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பழைய ரசிகன் சொன்னபடி மன்னிப்புக் கேட்பார், அவர் அப்படிப்பட்ட ஆள்தான். ஃபோன் கையில்தான் இருந்தது. ஆனால் எனக்கு எது ஆதாரம், எது உன்னைக் குத்துகிற கத்தி என்று இனிமேல் தெரியாது சுண்டு, ஒரு தடவை இரண்டையும் குழப்பிக்கொண்டவள் நான். எடுக்கவில்லை. டிரைவரிடம் சொல்லவில்லை, லேப்காரியிடம் சொல்லவில்லை. அப்பாவிடம் மட்டும் காட்டினேன். ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார், திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே போனார், கொஞ்ச நேரத்தில் சமையலறையில் டங்டங் என்று சத்தம். உங்க சார்பில் ஒரு வரி சேர்க்கட்டுமா என்று நான் கேட்டதற்கு, குழாய்க்கு வாஷர் போட்டாச்சுன்னு எழுது என்றார். எழுதிவிட்டேன்.

நோட்டை இந்தக் கடிதத்தோடு பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், அட்டையில் வைத்துக் கட்டியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. நகல் எதுவும் என்னிடம் இல்லை. அதை ஊருக்குக் காட்டுவதோ, உள்ளேயே வைத்துக்கொள்வதோ, மறுபடி அழிப்பதோ உன் இஷ்டம், அது உன்னுடையது. என்னால் ஆகக்கூடிய காரியம் இனிமேல் எதுவும் இல்லை. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கை நன்றாக இருக்க வேண்டும், நீ எந்த மாடியில் போய் நின்றாலும் திரும்பி வருகிற வழி திறந்திருக்க வேண்டும், இதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். குனிந்தே வரையாதே, இடுப்பு என் இடுப்பு மாதிரி ஆகிவிடும். நேரத்துக்குச் சாப்பிடு. பேச வேண்டாம், பச்சைப் புள்ளியை மட்டும் அணைக்காமல் வை.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. உன் வரைகிற மேஜையில் விளக்கு இருக்குமே, அதன்மேல் அந்தப் பக்கத்தை வைத்து முகத்தின் இடத்தைப் பார். வாயை நீ ரொம்ப அழுத்தி வரைந்திருக்கிறாய், அதனால் அது மட்டும் நன்றாகத் தெரிகிறது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்
அம்மா